64 கட்டங்கள் கொண்ட ஒரு தட்டான் சிறகு

நான் செய்துவந்த தட்டான்பூச்சி நகையின் வலது முன்சிறகில், கடைசிக் கட்டத்தில் எனாமல் என்னும் வண்ணக் கண்ணாடிப் பொடி உருகி, ஆறி, விரிசல் விடாமல் நின்ற மாலையில் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன். ஏழு மாதங்களில் இரண்டு சிறகுகள் பாழான பிறகு கிடைத்த மூன்றாவது சிறகு அது. சன்னலுக்கு நேரே பிடித்தபோது பச்சையும் நீலமும் கலந்த ஒளி அதன் வழியாக என் மேசையில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை மாதங்கள் உழைத்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் பட்டறையில் இரண்டு தலைமுறையாகச் செய்துவந்தவை மாங்காய் மாலை, ராக்கொடி, ஜடைநாகம் போன்ற நாட்டிய நகைகள். இலையும் பூவும் காயும் பறவையும் எங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் அவற்றின் பின்னால் எப்போதும் தகடு உண்டு. தகட்டின்மேல் அரக்கு, அரக்கின்மேல் கல். பின்புறத் தகடே இல்லாமல், தேவாலயச் சன்னலில் வண்ணக் கண்ணாடி பதித்ததுபோல் உலோக நரம்புகளுக்கு நடுவே எனாமலை மட்டும் நிறுத்தும் வேலையைப் பிரெஞ்சு நகைக்காரர்கள் பிளீக்-ஆ-ஜூர் என்கிறார்கள். பிரெஞ்சு நகைக்கலைஞர் ரெனே லாலீக் 1897-98இல் செய்த தும்பிப் பெண் மார்பணியில் சிறகுகள் இந்த முறையில் அமைந்தவை. பொன், எனாமல், சந்திரகாந்தக் கல், வைரம் ஆகியவை சேர்ந்த அந்த அணி 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. பின்னர் அதை எண்ணெய்த் தொழிலதிபரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான கலூஸ்த் குல்பெங்கியான் வாங்கினார். இன்றும் லிஸ்பனில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 26 சென்டிமீட்டருக்கும் மேல். அதில் பாதி அளவில், பெண்ணுருவம் இல்லாமல் தட்டானை மட்டும் செய்துபார்க்க வேண்டும் என்று கடந்த ஆண்டு தீர்மானித்தேன்.

முதல் முயற்சி முழுக்க முழுக்க என் கைப்பழக்கத்தால் கெட்டது. சிறகின் வெளிக்கோட்டை வரைந்து, உள்ளே 11 பெரிய கட்டங்களை அழகாக வளைத்துப் போட்டேன். மாங்காயை ஒரே ஒரு வளைகோட்டில் சுருக்கிப் பழகிய கைக்கு, சிறகையும் அப்படிச் சுருக்குவது இயல்பாக வந்தது. 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு) 1 மில்லிமீட்டர் சதுரக் கம்பி இழுத்து, வெங்காரம் தடவி, ஒவ்வொரு சந்திப்பையும் பற்றாசு வைத்து ஊதி இணைத்தேன். சட்டகம் பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. மின்னுலையில் மூன்றாவது முறை சுட்டபோது அடிப்பகுதியில் இருந்த இரண்டு இணைப்புகள் விட்டுப்போயின. எனாமல் உருக 780 முதல் 810 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். 925 வெள்ளி ஏறத்தாழ 800 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், பற்றாசோ அதற்கும் முன்பே இளகும். மேலும் அந்த வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு சூட்டில் கறுத்து, எனாமலின் ஓரமெல்லாம் புகைபடிந்ததுபோல் ஆகிவிட்டது. இவை இரண்டும் எனக்கு முன்பே தெரிந்த செய்திகள்தான். ஆனால் தகட்டின்மேல் எனாமல் வைக்கும்போது இந்தக் குறைகள் கீழே மறைந்துவிடும். வெளிச்சம் ஊடுருவும் வேலையில் மறைவிடம் கிடையாது.

இரண்டாம் முயற்சிக்கு 999 சுத்த வெள்ளித் தகடு வாங்கினேன். அது 961 டிகிரி வரை உருகாது. செம்பு இல்லாததால் கறுக்கவும் செய்யாது. பற்றாசே வேண்டாம் என்று முடிவுசெய்து, 65-க்கு 25 மில்லிமீட்டர் அளவில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே தகட்டிலிருந்து சிறகு முழுவதையும் ரம்பத்தால் குடைந்தெடுத்தேன். காது எனப்படும், உடலோடு சேரும் சிறு நீட்சியைக்கூடத் தகட்டிலிருந்தே விட்டுவைத்தேன். உலோகத்தைப் பொறுத்தவரை இந்த முடிவு சரியானது. பிறகு அதை மாற்றவே இல்லை. ஆனால் வரைபடம் அதே 11 கட்ட வரைபடம். அவற்றில் பெரியது 11-க்கு 7 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய துளையில் ஈர எனாமல் தானாக நிற்காது என்பதால், அடியில் காக்காப்பொன் எனப்படும் மைக்கா தகட்டை வைத்து நிரப்பிச் சுட்டேன். எனாமல் உருகி மைக்காவோடு ஒட்டிக்கொண்டது. அதன் படலங்களை உரித்து, மிச்சத்தை நீருக்கடியில் வைரத் தேய்ப்பானால் தேய்த்து எடுக்க இரண்டு நாள்கள் ஆயின. தேய்த்த முகம் மங்கலாக இருந்ததால் மறுபடி சற்று நேரம் மட்டும் சூடு கொடுத்தேன். அன்றிரவு பட்டறையை மூடும்போது மேசையிலிருந்து மெல்லிய ஓர் ஓசை கேட்டது. காலையில் பார்த்தால் பெரிய கட்டத்தின் கூர்முனையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். அடுத்த நாள் பக்கத்துக் கட்டமும் விரிந்து, தொட்டவுடன் ஒரு துண்டு கழன்று விழுந்தது.

என் தந்தையோடு நாற்பது ஆண்டுகள் வேலைசெய்த பெரியவர் ஒருவர் இன்னமும் மாலை வேளைகளில் பட்டறைக்கு வருவார். அந்தச் சட்டகத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு அகலத்துல அது எதைப் புடிச்சுட்டு நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். நான் பதிலாக எனாமலின் தரத்தைப் பற்றியும் உலையின் வெப்பத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்பது எனக்கு இரண்டு வாரங்கள் கழித்துத்தான் விளங்கியது.

ஐப்பசி மழைக்கு முன்பு பொன்னிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் நாள்கள் அவை. மாடிப்படியில் இறந்துகிடந்த ஒன்றை எடுத்துவந்து, முன்சிறகை மட்டும் பிரித்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்தேன். எங்கள் தொழில் செய்பவர்களுக்கும் இந்தப் பூச்சிக்கும் தமிழில் ஒரே பெயர் வழங்குவது சிறுவயது முதல் கேட்டுப் பழகிய செய்தி. ஆனால் அதன் சிறகைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஐகிளாஸ் என்னும் லென்ஸில் வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. நீளம் 40 மில்லிமீட்டர். முன்விளிம்பில் மூன்று தடித்த நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. அவை ஒரே மட்டத்தில் இல்லாமல், மடித்த காகிதம்போல் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. விளிம்பின் நடுப்பகுதியில் கணு போன்ற ஒரு முடிச்சு. அங்கிருந்து பின்விளிம்பை நோக்கிப் போகப்போகக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்து ஐங்கோணமும் அறுகோணமுமாக மாறுகின்றன. நான் வியந்து நின்ற இடம் வேறு. நீளமான கட்டம் எதுவும் அகலமாக இல்லை; அகலமான கட்டம் எதுவும் நீளமாக இல்லை. நரம்புகள் கூடும் இடங்களில் பெரும்பாலும் மூன்று நரம்புகளே கூடுகின்றன. அதனால் கட்டங்களின் மூலைகள் அகன்றே இருக்கின்றன. என் வரைபடத்தில் நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் மோதின. அதனால் ஊசிமுனை போன்ற மூலைகள் உருவாயின. விரிசல் இரண்டும் தொடங்கியது அப்படிப்பட்ட மூலைகளில்தான்.

அதுவரை நான் சிறகின் தோற்றத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். அது எப்படி நிற்கிறது என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. நுண்ணிய ஒரு படலத்தைக் காற்றில் கிழியாமல் பிடித்துவைக்கும் வேலையை அந்த நரம்புகள் செய்துகொண்டிருக்கின்றன. நான் எனாமலுக்குச் செய்ய வேண்டியிருந்ததும் அதே வேலை.

மூன்றாவது வரைபடத்தைச் சிறகை 1.55 மடங்கு பெரிதாக்கிய நிழற்படத்தின்மேல் வரைந்தேன். நீளம் 62 மில்லிமீட்டர். உண்மைச் சிறகில் உள்ள நூற்றுக்கணக்கான கட்டங்களை அப்படியே குடைய முடியாது என்பதால், பின்விளிம்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து மொத்தம் 64 ஆக்கினேன். எந்தக் கட்டமும் குறுக்குவாட்டில் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மூன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் ஓரிடத்தில் சேரக் கூடாது, முன்விளிம்பு நரம்பு 0.9, உள்நரம்புகள் 0.6, பின்விளிம்பு 0.5 மில்லிமீட்டர் என்ற வரையறைகளை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

வரைபடத்தைத் தகட்டில் ஒட்டி, தொங்கு மோட்டாரில் 0.6 மில்லிமீட்டர் துளையூசியைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளையிட்டேன். குடைவதற்கு 4/0 ரம்ப இழை. பின்விளிம்பின் சிறு கட்டங்களுக்கு அதைவிட மெல்லிய 6/0. ஒரு சிறகுக்கு 14 மணி நேரம், நான்கு நாள்கள். 31 இழைகள் முறிந்தன. ஒரு டஜன் 240 ரூபாய். நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிப் போக வேண்டும் என்பதை எட்டாவது கட்டத்தில் கற்றுக்கொண்டேன். விளிம்பிலிருந்து தொடங்கினால் தகடு சீக்கிரமே தளர்ந்து, ரம்பத்தோடு சேர்ந்து அதிரும். குடைந்து முடித்தபின் துளைகளின் உட்சுவரை மெருகிட வேண்டும். சொரசொரப்பான சுவரில் எனாமல் படியும்போது ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரியும். பருத்தி நூலில் மெருகுப்பொடி பூசி, ஒவ்வொரு கட்டத்திலும் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் சிறகின் பளபளப்பில் பாதி இங்கிருந்து வருகிறது. கடைசியில் எலுமிச்சை உப்புக் கரைசலில் கொதிக்கவிட்டு, கண்ணாடி இழைத் தூரிகையால் தேய்த்துக் கழுவியபின் சட்டகத்தின் எடை 3.4 கிராம்.

முன்விளிம்பின் மேடுபள்ளத்தையும் விட்டுவிடவில்லை. தட்டையான சட்டகம் 800 டிகிரியில் துணிபோலத் தொய்யும் என்பதை இரண்டாவது முயற்சியில் பார்த்திருந்தேன், 1.5 மில்லிமீட்டர் வரை தொய்ந்திருந்தது. எனவே மூங்கில் சிம்பால் முன்விளிம்பு நரம்புகளுக்கு இடையே மெல்ல அழுத்தி ஒரு மடிப்பு உண்டாக்கி, சிறகு முழுவதையும் மரக்குழியில் வைத்து மிக இலேசாகக் குவித்தேன். அதன்பிறகு எத்தனை முறை சுட்டும் தொய்வு அரை மில்லிமீட்டரைத் தாண்டவில்லை.

எனாமலைக் கட்டிகளாக வாங்கி, அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன கல்வத்தில் நீர்விட்டு அரைத்தேன். கடல்பச்சை, வெளிர்நீலம், நிறமற்றது என மூன்று. நான்காவதாக வாங்கிய தேன்நிறம் வெள்ளியோடு சேர்ந்ததும் அழுக்குப் பழுப்பாக மாறியது. சிவப்பு, மஞ்சள் சார்ந்த நிறங்கள் வெள்ளியோடு இணங்குவது அரிது என்று எழுதியிருப்பதைப் படித்தும், சோதித்துப் பார்த்துத்தான் விட்டேன். முதல் இரண்டு அரைப்புகள் எப்படிச் சுட்டாலும் பால்போல் மங்கின. உலையைச் சந்தேகித்தேன், சூட்டைக் கூட்டிப் பார்த்தேன், எனாமல் பழையதோ என்று நினைத்தேன். குற்றம் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்தது. மின்கலத்துக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீருக்கு மாறி, அரைத்த பொடியைக் கிண்ணத்தில் கலக்கி, மேலே மிதக்கும் வெண்மையான நுண்தூளை வடித்து ஊற்றினேன். ஏழெட்டு முறை கழுவினால் நீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவே பிறகு எனாமலிலும் நிற்கிறது. ஒரு கட்டிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நுண்தூளாகப் போய்விடுகிறது. அதைச் சிந்த மனம் வரவில்லை. பின்தகடுள்ள வேலைகளின் அடிப்பூச்சுக்கு உதவும் என்று தனிப் புட்டியில் சேர்த்துவைத்திருக்கிறேன். உலர்ந்த எனாமல் பொடி நுரையீரலுக்குத் தீங்கானது. அரைக்கும் இடத்தில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், முகமூடியும் வேண்டும்.

இம்முறை மைக்கா இல்லை. ஒரு துளி பிசின்நீர் சேர்த்த ஈரப்பொடியை மெல்லிய தூரிகையால் எடுத்து, சட்டகத்தை நிமிர்த்திப் பிடித்து, கட்டத்தின் ஓரத்தில் தொட்டவுடன் அது தானாகவே பரவித் துளையை மூடி நின்றது. சோப்பு நீரில் வளையத்தை முக்கினால் படலம் நிற்குமே, அதுபோல. 7 மில்லிமீட்டர் கட்டத்தில் மணிக்கணக்காக முயன்றும் நிற்காதது 4 மில்லிமீட்டருக்குள் ஒரே தொடுதலில் நின்றபோது, பெரியவரின் கேள்விக்கு விடை கிடைத்தது. பருத்தித் துணியின் நுனியை நரம்பின்மேல் வைத்து நீரை உறிஞ்சி, உலையின் மேல்தட்டில் பத்து நிமிடம் உலர்த்தினேன். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளே வைத்தவுடன் பொடி தெறித்துவிடும்.

உலையை 810 டிகிரியில் வைத்தேன். கதவைத் திறந்தவுடன் 760-க்கு இறங்கி, மறுபடி ஏறும். சிறகை வெப்பத் தடுப்புக் கம்பி வலையில், காதும் முன்விளிம்பும் மட்டும் படும்படி மூன்று புள்ளிகளில் தாங்கினேன். ஒன்றரை நிமிடத்தில் பொடி முதலில் கருத்து, பிறகு சர்க்கரைபோல் திரண்டு, கடைசியில் மினுங்கும். மினுங்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஐந்து நொடி தாமதித்தாலும் எனாமல் நரம்பை நோக்கி ஓடி, நடுவில் ஓட்டை விழும். முதல் சூட்டில் 64-இல் 40 கட்டங்களுக்கு மேல் ஓட்டை விழுந்தது. அது தோல்வி அல்ல என்பதை இப்போது அறிவேன்; ஓரத்தைப் பற்றிக்கொண்ட அந்த வளையமே அடுத்த நிரப்புக்குப் பிடிமானம். மறுபடி நிரப்பி மறுபடி சுட, ஐந்தாவது சூட்டில் எல்லாக் கட்டங்களும் மூடின. ஏழாவது சூட்டில் மட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததும் குளிர்ந்த மேசையில் வைக்காமல், உலையின் வாசலில் சூடேறியிருந்த செங்கல்லின்மேல் வைத்துக் கால்மணி நேரம் ஆறவிட்டேன்.

பிறகு நீருக்கடியில் வைரத் தேய்ப்பான்: சொரசொரப்பு குறைந்துகொண்டே வரும் 220, 400, 600 என்ற வரிசையில். கடைசியாக 800 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான சூடு. மேற்பரப்பு உருகிப் பளபளத்தது. மூன்று வாரங்கள் சன்னலோரத்தில் வைத்திருந்து பார்த்தேன். ஒரு விரிசலும் இல்லை.

இடது முன்சிறகு அதைவிட வேகமாக, ஒன்பது நாளில் முடிந்தது. பின்சிறகுகள் அகலமானவை, ஒவ்வொன்றிலும் 78 கட்டங்கள், எடை 4.1 கிராம்.

உடலை 18 காரட் பொன்னில் 7.5 கிராமுக்குச் செய்தேன். எங்கள் கைக்குப் பழகிய வேலை என்பதால் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஐந்து சந்திரகாந்தக் கற்கள், காங்கேயம் பகுதியில் கிடைத்தவை. உண்மைத் தட்டானின் சிறகு நுனிக்கு அருகே முன்விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். தேன்நிற எனாமல் கைகொடுக்காததால், அந்த இடத்தில் பொன் கூடு வைத்து 2 மில்லிமீட்டர் கோமேதகம் பதித்தேன். எனாமலைவிட அதுவே பொருத்தமாக அமைந்தது. கல் பதிப்பு, இணைப்பு எல்லாம் எனாமல் முடிந்த பிறகு, சூடே காட்டாமல். சிறகின் காதில் துளையிட்டு, பொன் ஆணியால் உடலோடு தறைந்தேன். ஆணி முழுக்க இறுகாமல் சிறகு ஓர் இழையளவு அசையும்படி விட்டிருக்கிறேன். ஆடை இழுபடும்போது அந்த அதிர்ச்சி எனாமலுக்குப் போகாமல் ஆணியிலேயே நின்றுவிடும். மொத்த அகலம் 134 மில்லிமீட்டர், எடை 33 கிராம்.

செலவில், சுத்த வெள்ளி 89 கிராம், நான் வாங்கிய நாளில் கிராம் 92 ரூபாய் வீதம் 8,188 ரூபாய். அதில் 68 கிராம் துண்டும் தூளுமாகத் திரும்பக் கிடைத்தது. பாழான சட்டகம் 4 கிராம். அதை உருக்காமல் வைத்திருக்கிறேன். எனாமல் நான்கு நிறங்கள் 3,600, அகேட் கல்வம் 2,800, சந்திரகாந்தக் கற்களும் கோமேதகங்களும் சேர்த்து 6,500. சிறிய மின்னுலை 34,000. அது பட்டறையின் மற்ற வேலைகளுக்கும் பயன்படுவதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பொன்னை அன்றைய விலையில் எடுத்தேன். கூலியைக் கணக்கிட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதுவே பெரிது. லாலீக்கின் நகைகளில் கொம்பும் கண்ணாடியும் எனாமலும் வைரத்துக்குச் சமமாக அமர்ந்தது எப்படி என்பது எனக்கு இந்தக் கணக்கை எழுதும்போதுதான் புரிந்தது.

அடுத்த முறை தகட்டை 0.9 மில்லிமீட்டராகக் குறைப்பேன். ஒளி இன்னும் தாராளமாக வரும், ரம்பத்துக்கும் எளிது. பின்சிறகின் அடிப்பகுதியில் 4 மில்லிமீட்டர் வரம்பை மீறி மூன்று கட்டங்களை 4.8 வரை விட்டுவிட்டேன். இடது பின்சிறகில் அவற்றுள் ஒன்றில் குமிழி நிற்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. ஆணியால் தறைந்திருப்பதால் அந்தச் சிறகை மட்டும் கழற்றலாம். தட்டானின் பின்சிறகை மறுபடி அளந்து, அந்த மூன்று கட்டங்களையும் ஐந்தாகப் பிரித்து வரைந்து, புதிய தகட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நடுக்கட்டத்திலிருந்து குடையத் தொடங்குவேன்.